பழைய டெஸ்க்டாப் பூட் ஆகவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்று சொன்னால் அதற்குள் குறைந்தது நான்கு கோளாறுகள் ஒளிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்பது ஒன்று. காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்பது இன்னொன்று. எழுத்துகள் வந்து பாதியில் நிற்பது மூன்றாவது. விண்டோஸ் சின்னம் தெரிந்து, மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குவது நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போய் ராம் (தற்காலிக நினைவகம்) வாங்கி, அது உதவாமல் பவர் சப்ளை வாங்கி, அதுவும் உதவாமல் கடைசியில் 2 வெள்ளி பேட்டரியில் பிரச்சினை முடிவது அடிக்கடி நடப்பதுதான்.

மெஷின் எழுந்திருக்கும் வரிசை இது. பவர் சப்ளை மின்சாரம் கொடுக்கும். வோல்டேஜ் நிலைத்ததும் "சரி, ஆரம்பிக்கலாம்" என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். பிராசசர் விழித்து, போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படிக்கும். பயாஸ் ராமையும் கிராஃபிக்ஸையும் விசைப்பலகையையும் சோதிக்கும். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடும். அங்கிருந்துதான் விண்டோஸ் வருகிறது. எந்தப் படி வரை வந்தது என்று தெரிந்தால், அதற்கு முந்திய படிகளில் கை வைக்க வேண்டியதில்லை.

திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

யுஎஸ்பி துளைகளில் செருகியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள்: தம்ப் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர், பிரிண்டர். விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். பயாஸ் முதலில் யுஎஸ்பியைத் தேடும்படி வைக்கப்பட்டிருந்தால், மறந்து விட்ட ஒரு தம்ப் டிரைவே பூட் ஆவதைத் தடுத்துவிடும். சிடி தட்டில் பழைய டிஸ்க் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் படம்தான் வரவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளை மதர்போர்டின் விஜிஏ துளையில் செருகியிருக்கிறார்களா என்று பின்னால் பாருங்கள். மேசையை நகர்த்திச் சுத்தம் செய்த மறுநாள் வரும் புகார்களில் பாதி இதுதான். மானிட்டரின் இன்புட் பட்டனை அழுத்தி விஜிஏ, ஹெச்டிஎம்ஐ என்று மாற்றியும் பாருங்கள்.

சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் போர்டின் சுவிட்ச், பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் குட்டி சுவிட்ச் என மூன்றும் போடப்பட்டிருக்க வேண்டும். அதே துளையில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள், எரிய வேண்டும். சிங்கப்பூரின் மூன்று முனை பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் உண்டு, அதுவும் போயிருக்கலாம். வேறு கம்ப்யூட்டரின் கேபிளை மாட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது 115இல் இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் ஒரு வெடிச்சத்தம் கேட்கும், பவர் சப்ளை அத்தோடு போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினோ பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியதோ என்றால் இதைப் பார்க்காமல் செருகவே செருகாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நடுத்தர அளவு கூட்டல் குறி (பிலிப்ஸ்) முனை ஸ்க்ரூடிரைவர், டார்ச், பள்ளிக்கூட வெள்ளை ரப்பர், சிஆர்2032 பேட்டரி ஒன்று, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை), 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தம்ப் டிரைவ். மல்டிமீட்டருக்கும் எலக்ட்ரானிக் உதிரிகளுக்கும் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர்; ராம், பவர் சப்ளை, எஸ்எஸ்டி எனும் புதுவகை டிஸ்க்குக்கு ரோச்சோரில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர். தேக்காவிலிருந்து இரண்டுக்கும் நடந்தே போகலாம். பழைய டிடிஆர்2 ராம் போன்றவை புதிதாகக் கிடைப்பது அரிது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு அப்படிப்பட்ட பொருள்களுக்கு கேரோசெல் என்ற இணையச் சந்தைதான் வழி.

திறக்கும்போது: பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, மெஷின் அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பட்டனை அழுத்துவது அந்த மிச்சத்தை வடிக்கிறது. பிறகு பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அசைவும் இல்லை என்றால்

முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல் போகும். ஆனால் அதற்கு முன் பெட்டியின் பட்டனைச் சந்தேகியுங்கள். பத்து வருடம் அழுத்திய பிளாஸ்டிக் பட்டன் உள்ளே சிக்கிக்கொள்ளும், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். மதர்போர்டின் ஓரத்தில் மெல்லிய கம்பிகள் சேரும் ஊசிக் கூட்டம் ஒன்று இருக்கும். அதில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு ஊசிகளின் இணைப்பைக் கழற்றி, பிளக்கை மறுபடி செருகிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டை மட்டும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். மெஷின் எழுந்தால் கோளாறு பட்டனில்தான். தற்காலிகமாக ரீசெட் பட்டனின் கம்பியை அங்கே மாட்டிவிட்டு, அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

எழவில்லை என்றால் பிளக்கை மறுபடி உருவிவிட்டு, பவர் சப்ளையைத் தனியே சோதியுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி இணைப்பையும், பிராசசர் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 ஊசி இணைப்பையும், கார்டுகளுக்குப் போகும் இணைப்புகளையும் கழற்றுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது காற்றாடி ஒன்று மட்டும் சுமையாக மாட்டியிருக்கட்டும். 24 ஊசி இணைப்பில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பேப்பர் கிளிப்பை வளைத்து, பச்சைக் கம்பியின் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் இணையுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட வேண்டும். காற்றாடி சுற்றினால் மல்டிமீட்டரை எடுங்கள்: மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட். இதற்கு வெளியே போனால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருந்தால் ஊகத்தில் கிளிப் செருகாதீர்கள். பெரிய கம்பெனி அலுவலக மெஷின்கள் சிலவற்றில் இணைப்பே வேறு மாதிரி இருக்கும், அவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. இரண்டாவது, பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றும்போது உள்ளே சுமார் 325 வோல்ட் சேரும். பிளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம் தேங்கி நிற்கும். சுவிட்சைப் போட்டதும் வீட்டு மின்பெட்டியின் ஆர்சிசிபி (கசிவுத் தடுப்பு சுவிட்ச்) விழுந்து வீடே இருண்டால், மின்சாரம் எங்கோ கசிகிறது என்று பொருள். பொதுவாக 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அது விழும். அந்தப் பவர் சப்ளையை இரண்டாவது முறை சோதிக்க வேண்டாம். கரப்பான் பூச்சிக்கும் பல்லிக்கும் அந்தச் சூடான பெட்டி பிடித்தமான இடம் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பவர் சப்ளை நன்றாக இருந்தும் மெஷின் ஒரு கணம் துடித்து அணைகிறது என்றால் எங்கோ ஷார்ட். ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், கார்டுகள், முன்பக்க யுஎஸ்பி கம்பி என எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, பிராசசர், அதன் காற்றாடி, ஒரே ஒரு ராம் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் படுக்கிறதோ அதுதான் ஆள். முன்பக்க யுஎஸ்பி துளையில் உள்ளே வளைந்துபோன ஒரு தகடு மொத்த மெஷினையும் படுக்க வைத்துவிடும்.

காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். காற்றாடி சுற்றுவதால் பவர் சப்ளை முழுவதும் சரி என்று ஆகிவிடாது, 12 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் தெரிகிறது. பிராசசர் பக்கத்து 4 ஊசி இணைப்பு தளர்ந்திருந்தாலும் இதே காட்சிதான். அதை முதலில் அழுத்திப் பாருங்கள்.

அடுத்து ராம். நம் ஊரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஜன்னலோரம் பல ஆண்டு நின்ற மெஷினில் ராமின் பொன்னிற முனைகளில் மெல்லிய படலம் படிந்துவிடும். ராம் கெட்டிருக்காது, தொடர்புதான் விட்டிருக்கும். செய்ய வேண்டியது:

1. இரு முனைப் பிடிகளையும் வெளியே தள்ளினால் ராம் மேலே எழும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள்.
2. பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் இருபுறமும் மெதுவாகத் தேயுங்கள். வெளிப்பக்கமாக, ஒரே திசையில். ரப்பர் துகளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.
3. ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, இரண்டு நிமிடம் காயவிடுங்கள்.
4. ஒரே ஒரு ராமை மட்டும், அதன் முனை வரிசையில் இருக்கும் வெட்டு சரியான பக்கம் இருக்கும்படி செருகுங்கள். இரு பிடிகளும் "டிக்" என்று தாமாக மூடும் வரை அழுத்த வேண்டும். பயந்து அழுத்தினால் ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது.
5. எழவில்லையா, அதே ராமை வேறு துளையில். பிறகு இரண்டாவது ராமை ஒவ்வொரு துளையிலும்.

இரண்டு ராம், நான்கு துளை என்றால் எட்டுச் சோதனை. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் செலவு எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட ராம் எந்தத் துளையிலும் எழவில்லை என்றால் ராம் போய்விட்டது. எந்த ராமும் ஒரு குறிப்பிட்ட துளையில் எழவில்லை என்றால் துளை. புதிதாக வாங்கும்போது டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைதான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதில் நுழையாது, அழுத்தி நுழைக்கவும் கூடாது.

மதர்போர்டில் குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் காது கொடுங்கள். ஒரே ஒரு குட்டை பீப் என்றால் பெரும்பாலும் எல்லாம் சரி. அவார்டு வகை பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் கிராஃபிக்ஸ், நீள பீப் விடாமல் வந்தால் ராம். ஏஎம்ஐ வகையில் 3 குட்டை ராமையும் 8 குட்டை கிராஃபிக்ஸ் நினைவகத்தையும் காட்டும். ராமை முழுவதும் எடுத்துவிட்டுத் தொடங்கும்போதும் ஒரு பீப்கூட வரவில்லை என்றால், ஸ்பீக்கர் இருந்தும், போர்டோ பிராசசரோ விழிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

டார்ச் அடித்து பிராசசரைச் சுற்றியிருக்கும் கெபாசிட்டர் என்ற குட்டி உருளைகளையும் பாருங்கள். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ போர்டின் காலம் முடிகிறது. 2000களின் முற்பகுதியில் தயாரான போர்டுகளில் தரக்குறைவான கெபாசிட்டர்கள் ஏராளமாகப் போயின. அவற்றை மாற்றிச் சால்டர் செய்வது புதியவர் கைக்கான வேலை இல்லை.

நாணய பேட்டரி: சின்னது, ஆனால் பெரிய தொல்லை

மெஷின் எழுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் "செக்சம் எரர்" என்று நின்று எஃப்1 அழுத்தச் சொல்கிறது. கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கிறது. இது சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். மெஷின் மின்சாரத்தோடு இருக்கும்போது கடிகாரம் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும், பேட்டரி ஓய்வெடுக்கும். நம் வீடுகளில் தினமும் இரவு சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். மின்கட்டணத்துக்கு நல்லது, ஆனால் அந்த நேரமெல்லாம் பேட்டரிதான் உழைக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் அது சீக்கிரம் தீர்ந்துபோவது இயல்பு.

புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். கூட்டல் குறி மேலே பார்க்க வேண்டும். பழையதைக் குழந்தைகள் கையில் படாமல் இருபக்கமும் ஒட்டுநாடா ஒட்டி வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேட்டரி தீர்ந்தாலும் மாற்றினாலும் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். அதில் ஒரு வரியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை: சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை. விண்டோஸை ஏஹெச்சிஐ நிலையில் நிறுவியிருந்து, பயாஸ் இப்போது ஐடிஇ நிலைக்குப் போயிருந்தால், விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தெரிந்து நீலத்திரை வரும். பிழை எண் 7பி என்று முடியும். "டிஸ்க் போய்விட்டது" என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பயாஸுக்குள் போய் சாட்டா மோடை மற்ற நிலைக்கு மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்துப் பாருங்கள். பூட் மோடு லெகசியா (பழைய முறை) யுஇஎஃப்ஐயா (புதிய முறை) என்பதும் இதே மாதிரிதான். மெஷின் இன்னும் எழுகிறது என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே பயாஸின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதியையும் சரி செய்யுங்கள். பத்து ஆண்டு பின்தங்கிய கடிகாரத்தோடு இணையத்துக்குப் போனால் வங்கித் தளம், அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் எல்லாமே "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று மறுக்கும். வைரஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொன்னால்

"இன்செர்ட் சிஸ்டம் டிஸ்க்", "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" போன்ற வரிகள் வந்தால் ராம், பவர் சப்ளை பக்கம் போகாதீர்கள். அவை வேலை செய்ததால்தான் இந்த வரியே வந்தது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் பூட் வரிசையைச் சரி செய்யுங்கள். தெரியாவிட்டால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், போர்டில் வேறு துளையில் செருகுங்கள், பவர் இணைப்பை வேறொன்றுக்கு மாற்றுங்கள். ஒரு சாட்டா கேபிள் சில வெள்ளிதான், அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறோம்.

டிஸ்க்கில் காதை வைத்துக் கேளுங்கள். சீரான "டக்... டக்" என்ற சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். உள்ளிருக்கும் முள் இடம் தெரியாமல் அடித்துக்கொள்கிறது, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறலாம். ஈடு செய்ய முடியாத படங்கள் இருந்தால் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி, செலவு அதிகம். ஃப்ரீசரில் வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நம் ஈரக் காற்றில் வெளியே எடுத்த மறுநொடியே அதன் மேல் வியர்த்துவிடும்.

சத்தம் இல்லை, ஆனால் மெதுவாகிவிட்டது என்றால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், பழுதுபார்ப்பு அப்புறம். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் தம்ப் டிரைவில் எழுதுங்கள். பழைய மெஷினில் அதைச் செருகி, தொடங்கும்போது எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் இவற்றில் எது பூட் மெனுவைத் தருகிறதோ அதை அழுத்தி யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். எதையும் நிறுவாமலே உங்கள் கோப்புகள் தெரியும். வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகு லினக்ஸ் மின்ட்டில் இருக்கும் "டிஸ்க்ஸ்" கருவியில் ஸ்மார்ட் எனும் டிஸ்க் நல விவரங்களைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்ஜியம் இல்லாமல், அதுவும் நாளுக்கு நாள் ஏறினால், அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். நகலெடுக்கும் முன் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைத்து, மீதியையும் முடித்துவிடும்.

மாற்று டிஸ்க்காக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். பழைய சாட்டா 2 போர்டிலும் அது வேலை செய்யும், மெஷின் வேகமாவது உடனே தெரியும்.

விண்டோஸ் வாசலில் திரும்பத் திரும்ப

விண்டோஸ் 10இல் தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைபட்டால் பழுதுபார்ப்புத் திரை தானே வரும். வராவிட்டால், சின்னம் தெரியும்போது பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை அவ்வாறே மூன்று முறை செய்யுங்கள். அதில் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசி அப்டேட்டை நீக்குதல், பிறகு சிஸ்டம் ரிஸ்டோர். ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். விண்டோஸ் 7 என்றால் தொடக்கத்தில் எஃப்8 அழுத்தி, "தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்து" என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரையின் எண்ணைப் படிக்க நேரம் கிடைக்கும்.

எழுந்து சில நிமிடத்தில், அல்லது பயாஸ் திரையிலேயே, பட்டென்று அணைகிறது என்றால் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள், சூடு. இன்டெல்லின் வட்டக் காற்றாடி நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டில் நிற்கும், ஒன்று நழுவியிருந்தாலே போதும். ஊசிகளின் தலையைத் திருப்பி விடுவித்து, காற்றாடியை எடுங்கள். உள்ளே இருக்கும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிய பேஸ்ட்டைப் பிராசசரின் நடுவில் ஒரு துவரம் பருப்பு அளவு வையுங்கள். விரலால் பரப்ப வேண்டாம், அழுத்தமே பரப்பிக்கொள்ளும். நான்கு ஊசிகளையும் எதிர் எதிர் மூலைகளாக, "டிக்" சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். போர்டின் பின்பக்கம் ஊசி முனை முழுவதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கெபாசிட்டர் உப்பிய போர்டு, அல்லது எல்லாச் சோதனைக்கும் பிறகும் கறுப்புத் திரை என்றால் அந்த மெஷினுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. எழுந்துவிட்ட மெஷினென்றால் லினக்ஸ் மின்ட்டோடு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். தூக்கிப் போடுவதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை மின்கழிவுச் சேகரிப்புக்குக் கொடுங்கள். 2021 ஜூலை 1 முதல் அதற்கான ஏற்பாடு தீவு முழுவதும் இருக்கிறது. வீவக அடுக்குமாடியின் குப்பைக் குழாய்க்குள்ளோ மாடிப்படி ஓரத்திலோ வைக்க வேண்டாம்.

மெஷின் பிழைத்துக்கொண்டால், மூடியைப் பூட்டும் முன் ஒரு சின்னத் தாளில் மூன்று வரி எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டுங்கள்: பேட்டரி மாற்றிய மாதம், சாட்டா மோடு எது, எந்த ராம் துளை கெட்டது. அடுத்த முறை திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் அதற்குள் எல்லாம் மறந்திருக்கும்.